அரங்க விளக்கைப் போடச் சொன்னவர்

புஷ்பலீலா அம்மா காலமான செய்தி, எங்கள் பழைய கலை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வந்தது. பல படங்களில் கதாநாயகியின் தோழியாக ஆடியவர்; மேடையில் தானே பாடிக்கொண்டு ஆடுவார். கடைசிவரை கொரட்டூரில்தான் இருந்தார். மேனாம்பேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு அது கூப்பிடு தூரம். ஆனாலும் நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. போக எனக்கு முகம் இல்லை.

பல வருஷத்துக்கு முன்னால், எல்லையில் சண்டை நடந்த சமயம். போர்முனைக்குக் கிளம்பும் வீரர்களுக்காக ஆவடி ராணுவக் குவார்ட்டர்ஸில் எங்கள் மன்றம் நிகழ்ச்சி வைத்தது. ஒப்பனை அறையைப் பெருக்க வந்த மாரியிடம், "நீங்க எந்த வரிசைல உட்காரப் போறீங்க?" என்று அம்மா கேட்டார். மாரியும் அந்தப் படையோடு கிளம்புகிறவர்தான். ஆனால் துப்புரவு ஆட்களுக்கு உள்ளே இடமில்லை என்று மன்றத்தில் முடிவு செய்திருந்தோம். சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மா சலங்கையைக் கழற்றிவிட்டார். "இவங்களும்தானே சார் சண்டைக்குப் போறாங்க? இவங்க உள்ள வந்தாதான் நான் மேடை ஏறுவேன்."

செயலாளர் நான். கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்து, "எல்லாரையும் உட்கார வெச்சிட்டேன்மா, வாங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய். மேடை விளக்கு கண்ணில் அடித்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்தத் தைரியம் எனக்கு.

நிகழ்ச்சி முடிந்து அவர் காரில் ஏறும்போது வாசலில் மாரி நின்றிருந்தார். "சூப்பரா பாடினீங்கமா. வெளிய நின்னுகினே கேட்டோம். ஆட்டந்தான் பாக்க முடியல."

அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "உங்க வார்த்தைய நம்பி ஆடிட்டேனே சார்" என்று மட்டும் சொன்னார்.

மாரி போர்முனையிலிருந்து திரும்பவில்லை.

அதன்பின் எந்த முகாமில் ஆடப் போனாலும், "முதல்ல ஹால் லைட்டைப் போடுங்க, யார் யார் இருக்காங்கன்னு நான் பாக்கணும்" என்பாராம். ரொம்பத்தான் பிகு பண்ணுகிறார் என்று பலரும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எங்கள் மன்றமும் நிறுத்தியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "அம்மாவை எப்படித் தெரியும் அங்கிள்?" என்று மகள் கேட்டார். "ரசிகன்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. இதைப் படிக்கும் நண்பர்களே, எனக்கு முந்திக்கொண்டு யாரும் இதை அவர் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். இந்த முறை நானே போய்ச் சொல்கிறேன்.