பக்கத்து மேசை புங்குஸ்

புரோகிராமர் வேலை என்பது பாதி நேரம் யோசிப்பது, மீதி நேரம் திறந்த அடைப்புக்குறியை எங்கே மூட மறந்தோம் என்று தேடுவது. ஜொகூர் பாருவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் எனக்கு அந்த வேலை. ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் புரோகிராம், செனாய் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் கணக்கு, இதுதான் எங்கள் பிழைப்பு. பக்கத்து மேசைக்காரரின் திரையை ஓரக்கண்ணால் பார்த்து வயிறு எரிந்த அனுபவம் உங்களுக்கும் உண்டு என்றால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

லிம் சிரித்த நாள்

பிரமிளா எங்கள் ஆபீசுக்கு வந்த புதிது. காஹாங் என்ற சின்ன ஊர்ப் பெண். அதற்கு முன்னால் சிங்கப்பூரில் வேலை பார்த்தவள். என் பக்கத்து மேசையைக் கொடுத்திருந்தார்கள். அன்று எங்கள் மேனேஜர் லிம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்கேனர் வயர் கழன்றாலே எங்கள் புரோகிராம் மொத்தமாகப் படுத்துவிடுகிறதாம். நிரலில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு பாதுகாப்பு போடச் சொன்னார். நம்மவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சள்ளை பிடித்த வேலை என்று. மேலே ஒரு வரி எழுதி நெளிந்த அடைப்புக்குறியைத் திறக்க வேண்டும். கீழே இறங்கி வந்து அதை மூட வேண்டும். பிழை வந்தால் என்ன செய்வது என்று அதற்கும் கீழே எழுத வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் வரிகளை எல்லாம் உள்ளே தள்ள வேண்டும். நான் பொறுப்பாக ஆரம்பித்தேன்.

லிம்முக்கு அலுப்பு தட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் திரும்பினார். பிரமிளாவும் வேறொரு இடத்தில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். வரிகளைத் தேர்ந்தெடுத்தாள், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள், அவ்வளவுதான். மேலே திறப்பு, கீழே மூடல், வரிகள் எல்லாம் ஒழுங்காக உள்ளே. அது என்ன என்று லிம் கேட்டார். எடிட்டர் செட்டிங்கில் தானே அமைத்துக்கொண்ட ஷார்ட்கட் என்றும், நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை இலையில் மடித்துக் கொடுக்கிற மாதிரி இருப்பதால், பொட்டலம் கட்டுவதற்கான மலாய் வார்த்தையான 'புங்குஸ்' என்று பேர் வைத்திருப்பதாகவும் சொன்னாள். லிம் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சிரித்து முடித்து என் திரையைப் பார்த்தார். நான் அப்போதும் வரிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். அவருடைய இங்கிலீஷில், உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "சரா, யூ ஸ்டில் டூ பை ஹேண்ட் ஆ?"

வீட்டில் ஒரு விசாரணை

அதற்குப் பிறகு ஆபீசில் யாருமே 'பாதுகாப்பு போடு' என்று சொல்வதில்லை. டெஸ்டிங் பார்க்கும் ஃபைசல்கூட, பிழை கண்டுபிடித்தால் 'புங்குஸ் பண்ணியாச்சா' என்றுதான் கேட்பார். அத்தனை வருஷம் அந்த ஆபீசில் இருந்த நான் ஒரு வார்த்தையைக்கூட அங்கே புழக்கத்துக்குக் கொண்டுவந்தது கிடையாது. போதாக்குறைக்கு, டீம் லீடர் ஒருவரை எங்களிலிருந்தே எடுக்கப் போவதாக லிம் சொல்லியிருந்தார். நான்தான் வருவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், குறிப்பாக நான்.

அவளிடம் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பாள். கேட்க மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போன பிறகு இணையத்தில் தேடி, நானே என் எடிட்டரில் ஒன்றை அமைத்தேன். அவளுடைய ஷார்ட்கட் எல்லாமே கீபோர்டின் இடது பக்கம் இருப்பதைக் கவனித்து, காப்பியடித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று என்னுடையதை வலது பக்கம் வைத்தேன்.

வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சுதான். என் மனைவி மாலதி கிளினிக்கில் நர்ஸ். அவளிடம் தினமும் ஒப்பிப்பேன். பிரமிளா இன்றைக்கு எல்லா இடத்திலும் ஒரு பெயரை ஒரே தட்டில் மாற்றிவிட்டாள், பிரமிளா மௌஸைத் தொடுவதே இல்லை, பிரமிளா அப்படி, பிரமிளா இப்படி. ஒருநாள் மாலதி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். சந்தேகப்படுகிறாளோ என்று பயந்து, வெறும் பொறாமைதான், வேறு ஒன்றும் இல்லை என்று அவசரமாக விளக்கினேன். அவள் மறுபடி துணியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அது தெரியுது. காதலா இருந்தா இவ்ளோ பேச மாட்டீங்க."

தங்காக்கில் தீபாவளிக் கூட்டம்

தீபாவளிக்கு முந்தின வாரம் தங்காக்கில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. பிரிண்டரில் தாள் தீர்ந்தால் பில் புரோகிராமே மூடிக்கொள்கிறது என்றார்கள். லிம் என்னையும் பிரமிளாவையும் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு சனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடை முதலாளியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கோளாறு இருந்த இடத்தை நான்தான் கண்டுபிடித்தேன், அதைப் பதிவு செய்துவிடுகிறேன். இனி அந்த வரிகளைச் சுற்றிக் கட்டினால் போதும். பிரமிளா பார்க்கட்டும் என்று லேப்டாப்பைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி, வரிகளைத் தேர்ந்தெடுத்து, என் ஷார்ட்கட்டை அழுத்தினேன். எடிட்டர் காணாமல் போனது. மறுபடி திறந்து, மறுபடி அழுத்தினேன். மறுபடியும் காணோம். ஷார்ட்கட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அமைத்திருந்தேன். லேப்டாப்பில் அந்த விசைகளுக்குப் பழைய வேலையேதான், ஜன்னலை மூடுவது. சரி, கையாலேயே எழுதுவோம் என்று ஆரம்பித்தால், பதற்றத்தில் அடைப்புக்குறி ஒன்று கூடிப்போய் எல்லா வரியும் சிவப்பாகிவிட்டது.

பிரமிளா தன் லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் பில் ஓட ஆரம்பித்தது, வரிசை நகர்ந்தது. நான் அப்போதும் கூடுதல் அடைப்புக்குறியைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா என் தோளைத் தட்டி, உண்மையான பரிவோடு சொன்னார்: "தம்பி, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. பாப்பா பாத்துக்கும்."

நான் கேட்ட கேள்வி

தீபாவளி லீவு முடிந்து வந்ததும், பிரமிளாவின் ஷார்ட்கட்டுகளை எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் போடப் போகிறோம், அவளே சொல்லிக் கொடுப்பாள் என்று லிம் அறிவித்தார். மீட்டிங் அறையில் உட்கார்ந்தோம். நான் ஒரு கேள்வியோடு தயாராக வந்திருந்தேன். அவள் பேசி முடித்ததும் கேட்டேன். எல்லா விசையும் இடது பக்கமே குவிந்திருக்கிறதே, வலது கை சும்மா கிடக்கிறதே, எதையாவது யோசித்துத்தான் அமைத்ததா? கேட்டுவிட்டு லிம்மின் முகத்தைப் பார்த்தேன்.

பிரமிளா வலது கையை மேசைமேல் வைத்துக் காட்டினாள். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்பக்கம் வளைந்தே இருந்தன. சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்த காலத்தில், ஒரு மழைநாள் காலையில் எல்லைப் பாலத்து நெரிசலில் சறுக்கி விழுந்தாளாம். மணிக்கட்டில் பிளேட் வைத்தும் அந்த இரண்டு விரல்கள் நீளவில்லை. அடைப்புக்குறி விசைகள் கீபோர்டின் வலது ஓரம், சுண்டு விரல் போகிற இடம். ஒவ்வொரு குறிக்கும் கையைத் தூக்கி, குனிந்து பார்த்து அழுத்த வேண்டியிருந்தது. வேலை தாமதமானது, சிங்கப்பூர் வேலையும் போனது. கை மாவுக்கட்டில் இருந்தபோதே மிச்சமிருந்த இடது கையால் இதையெல்லாம் அமைக்க ஆரம்பித்திருக்கிறாள். அழாமல், அலட்டாமல், பஸ் வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

அத்தனை மாதமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் அவள் திரையைத்தான் பார்த்திருக்கிறேன், கையைப் பார்த்ததில்லை. ஃபைசல் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, உங்களுக்கு வலது பக்கம்தான் சுலபம்னா சொல்லுங்க, மாத்தித் தர்றேன். சின்ன வேலைதான்."

உறை பிரித்தல்

அதோடு என் பொறாமை ஒழிந்தது என்று எழுத ஆசைதான். ஒழியவில்லை. கூடவே வெட்கமும் வந்து சேர்ந்ததால் பொறாமைப்படுவது இன்னும் சிரமமாகிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த மாதம் பிரமிளாவையே டீம் லீடர் ஆக்கினார்கள். எல்லாருக்கும் தின்னக் கறிபாப் வாங்கி வந்தாள். கைகொடுத்தேன். கறிபாப் நன்றாகத்தான் இருந்தது, இறங்கத்தான் இல்லை.

பிறகு ஒரு பழைய புரோகிராம் என்னிடம் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொன்று என்று உறைமேல் உறையாகப் போட்டு வைத்திருந்தார். சுற்றிக் கட்டுவதைவிடப் பிரிப்பது கொடுமை. மேல் வரியை எடுத்துவிட்டுக் கீழே எந்த அடைப்புக்குறி அதன் ஜோடி என்று பார்த்து எடுக்க வேண்டும், தப்பானதை எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும். பொறுக்க முடியாமல் ஒரு குட்டி நிரலை எழுதி எடிட்டரில் சேர்த்தேன். வரிகளின் நடுவே நின்று அழுத்தினால் வெளி உறை மட்டும் கழன்று, வரிகள் தாமாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். யாரையும் முந்த வேண்டும் என்று செய்யவில்லை. சத்தியமாக அன்றைக்கு எனக்கு எரிச்சல் வேலைமேல்தான்.

பிரமிளா ஏதோ வாடிக்கையாளர் விஷயம் கேட்க என் மேசைக்கு வந்தவள், திரையைப் பார்த்ததும் கேட்க வந்ததை நிறுத்திவிட்டாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தேன், கொஞ்சம் நிதானமாகவே. உதடு சிரித்தது, நல்லாயிருக்கு என்று தலை ஆடியது, கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ காலை முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்த முகம். அதைத் தனக்கும் அனுப்பி வைக்கச் சொல்லிவிட்டு, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். வேலையைத் தொடங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னிடமா தன்னிடமா என்று தெரியாதபடி சொன்னாள்: "இது எனக்கு ஏன் தோணாம போச்சு?"

பக்கத்துத் திரையை எட்டிப் பார்க்காமல் வேலை செய்கிற புரோகிராமர் ஜொகூரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவரைப் பார்த்தும் கொஞ்சம் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.