பல்லுக்காரியின் வெள்ளைப் படம்

வண்ணத் தட்டில் காய்ந்துபோன பச்சையை நகத்தால் ஓரத்தில் நெம்பி, கிழியாமல் ஒரே தோலாக உரித்தெடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் அவள் அடுத்த டியூபைத் திறப்பாள். அந்த ஜன்னல் வழியாக யாரும் வெளியே பார்த்துப் பல வருஷம் ஆகிறது. கண்ணாடி முழுக்கத் திட்டுத் திட்டாக நிறம். "மழை பெய்யுதான்னு தெரிஞ்சுக்க நான் மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருக்கு" என்பார் வீட்டுக்காரர். "போயிட்டு வாங்க, முழங்காலுக்கு நல்லது" என்பாள், தலையைத் தூக்காமல்.

எனக்கு அவள் மருமகள் முறை. என் சித்தப்பாவுக்கு இரண்டு தாரம். இளையவருக்குப் பிறந்தது ஒரே பெண். அந்தப் பெண்ணின் மூத்த மகள் இவள். மூத்த தாரத்துப் பிள்ளைகள் அந்தக் கிளையை ஒரு விசேஷத்துக்கும் முன்வரிசையில் உட்கார வைத்ததில்லை. வா என்பார்கள், வந்தால் கதவோரத்தைக் காட்டுவார்கள். இவள் கதவோரத்திலேயே வளர்ந்தவள். இப்போது ஐம்பத்து நான்கு வயது. குடும்பத்தில் இவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். எடுப்புப் பல் என்று நினைத்துவிட வேண்டாம். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். என் வாயில் இருக்கிற செட்டும் அவள் கைவேலைதான்.

அந்த வேலையை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டாக்டர் எடுத்து அனுப்புகிற அளவை வைத்து வெள்ளைச் சுண்ண மாவில் தாடையை வார்ப்பாள். அதன்மேல் மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். பிறகு இளஞ்சிவப்புப் பொடியில் ஒரு திரவத்தை விட்டுப் பிசைந்து, அச்சில் திணித்து, இறுக்கி, வெந்நீரில் வேகவைப்பாள். வெளியே வரும்போது அது ஈறு. "வரிசையா வச்சா பொய்னு தெரிஞ்சிடும் மாமா. ஒரு பல்லு கொஞ்சம் கோணிக்கணும். அப்பத்தான் சொந்தப் பல்லு" என்பாள். அந்த ஈறுக்கு வேலைக்கூடத்தில் பெயர் அக்ரிலிக்.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடத்தின் வாசல் தாண்டிய பல்லைச் செய்தவர் அடையாளம் காட்டக்கூடாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சிரிக்கிற ஆளின் மேல்வரிசை தன் கையால் வைத்தது என்று தெரிந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். எங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் இவளிடம் பல் கட்டியிருக்கிறார்கள் என்று நானும் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "அவங்கவங்க வாயி, அவங்கவங்க பல்லு. எனக்கென்ன தெரியும்?" அதற்கு மேல் பெயராது.

படம் போடத் தொடங்கியது நாற்பது வயதுக்கு மேல். முதலில் எண்ணெய் வண்ணம்தான் வாங்கினாள். அதைக் கரைக்கிற டர்பன்டைன் நெடி வீட்டுக்காரருக்கு ஆகவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓட்டி நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர். இவள் தூரிகையை எடுத்தால் அவர் துண்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவார். இருப்பதோ இரண்டு அறை. மூன்றாம் மாதம் எண்ணெய் டியூபையெல்லாம் மூட்டை கட்டிக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனாள். நெடி இல்லாதது, தண்ணீரில் கரைவது என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினார். "டியூப் மேல அக்ரிலிக்னு எழுதியிருக்கு மாமா. கடையிலேயே சிரிச்சுட்டேன். பகலெல்லாம் பிசையறது போதாதுன்னு இங்கயும் வந்து நிக்குதேன்னு. ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா ஒரே குடும்பம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி."

எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். இது பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அதனால் ஒரு கையில் தூரிகை, மறு கையில் தண்ணீர் தெளிக்கிற குப்பி. வீட்டுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டின் மேல் புஸ் புஸ் என்று அடிப்பாள். வந்தவர் மேலும் கொஞ்சம் படும். அவசரக் குடுக்கை என்று அந்த வண்ணத்தைத் திட்டுவாள். ஆனால் அதன் அவசரத்தையே தனக்கு வசப்படுத்திக்கொண்டாள். பால் போல நீர்த்த பூச்சு ஒன்று; காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பது பூச்சு போட்டுவிடுவாள். "எண்ணெயில இதைப் போட்டா நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரே படம்தான்."

இவ்வளவையும் நான் சொல்ல வந்தது ஓவியச் சங்கத்துக்காரர்கள் செய்த காரியத்தால். ஆறு மாதமாகிறது, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கண்காட்சி வைக்கும். நடுக்கூடம் எண்ணெய் ஓவியத்துக்கு. மாடிப்படி வளைவில், தீயணைக்கிற மணல் வாளிக்கு மேலே, 'பொழுதுபோக்குப் பிரிவு' என்று ஒரு அட்டை தொங்கும். அக்ரிலிக் என்று எழுதிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் மாட்டுவார்கள். பதினொரு வருஷம் இவள் படம் அந்த வாளிக்கு மேலேதான் தொங்கியது. படி ஏறுகிறவன் காலைப் பார்ப்பானா, படத்தைப் பார்ப்பானா? பகலெல்லாம் ஊரார் ஈறைப் பிசைந்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் துணியின் முன்னால் நின்றே கழிக்கிறவளுக்கு அது பொழுதுபோக்காம்! ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு முப்பது வருஷமாக ஒரே குதிரையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பித் திருப்பிப் போடுகிற சங்கத் தலைவருக்கு அது கலையாம்!

போன தடவை அவள் கொடுத்தது ஒரு பெரிய வெள்ளைப் படம். வெள்ளைக்குள் வெள்ளையாக மடிப்பும் குழியும் நிழலும். எட்ட நின்று பார்த்தால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மூன்று நடுவர்கள் அதன் முன்னால் நின்று மலைத்தொடர் என்றார்களாம், பனி என்றார்களாம், மௌனம் என்றார்களாம். மலையும் இல்லை, மௌனமும் இல்லை. வேலைக்கூடத்து ஜன்னலில் காயப் போட்டிருக்கிற பதினேழு தாடை அச்சுகள் அவை. யார் யாருடைய பல் போன வாயோ. எதுவாக இருந்தாலும் அதைத்தான் முதல் படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். நடுக்கூடத்தில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார்கள்.

திறப்பு நாளன்று என்னையும் அழைத்துப் போனாள். விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். தலைவர் இரண்டு பேரைப் படத்தின் முன்னால் நிறுத்தி, "பாருங்க இந்த ஆழத்தை. எண்ணெயிலதான் இது வரும். வேற எதுலயும் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மார்பு விரிந்தது. அவர்கள் நகர்ந்ததும் இவள் கிட்டப் போய்ச் சட்டத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். முகம் மாறிவிட்டது. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"என்னம்மா?"

"எண்ணெய் வண்ணம்னு போட்டிருக்காங்க மாமா."

"போட்டா போட்டுட்டுப் போறாங்க. பேசாம இரு. இன்னைக்குத்தான் நல்ல இடம் கிடைச்சிருக்கு."

"இது எண்ணெய் இல்லையே. இன்னொருத்தன் பேரைச் சொல்லிக்கிட்டு இது ஏன் இங்க நிக்கணும்?"

எண்ணெயை அடித்துவிட்டு அக்ரிலிக் என்று பெரிதாக எழுதினாள். அவ்வளவுதான். சங்கத்துச் செயலாளர் ஓடி வந்தார், பின்னாலேயே தலைவர்.

"யாரும்மா இதுல கிறுக்கினது?"

"நான்தான் சார். விண்ணப்பத்துலயும் அக்ரிலிக்னுதான் எழுதிக் குடுத்தேன்."

செயலாளர் நெளிந்தார். "எழுதியிருந்தாங்க சார். நடுவருங்க மூணு பேரும் எண்ணெய்னு சொன்னாங்களா, அம்மாதான் தெரியாம எழுதிட்டாங்கன்னு நான் மாத்திட்டேன்."

"சோறாக்கினவளுக்குத் தெரியாதா எந்த அரிசின்னு?" என்று நான் குரலை உயர்த்தினேன். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவர் யாரு?"

"எங்க மாமா" என்றாள்.

"நல்லது. இங்க பாரும்மா, தப்பா எடுத்துக்காதே. அக்ரிலிக்ங்கறது என்ன? பிளாஸ்டிக். சீப்பு, வாளி, நாற்காலி. இந்தக் கூடம் ஓவியத்துக்கு. பிளாஸ்டிக்குக்கு மாடிப்படி இருக்கு."

"கொஞ்சம் முன்னாடி ஆழம்னு சொன்னீங்களே சார்."

"அப்ப எண்ணெய்னு நினைச்சேன்."

"கண்ணு அதே கண்ணுதானே சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. இவள் விடவில்லை. "உங்க ஆபீஸ் அலமாரியில நவீன ஓவியம்னு தடிப் புஸ்தகம் ஒண்ணு வச்சிருக்கீங்க. உட்காரச் சொல்லாம நிக்க வச்சப்ப நான் அதைப் புரட்டிப் பாத்திருக்கேன். ஆளுயரத் துணியில ஒரே நிறத்தை நிரப்பினது, கோடும் கட்டமுமாப் பளிச்சுனு போட்டது, அதுல எத்தனையோ படம் இந்த வண்ணம்தான். படத்துக்குக் கீழே பொடி எழுத்துல போட்டிருக்கான்."

"அவங்கல்லாம் பெரிய ஆளுங்க. எதுல வேணா போடலாம்."

கேட்டீர்களா நியாயத்தை? அவர்கள் போட்டால் நவீனம், இவள் போட்டால் வாளி. புத்தகத்தில் பார்த்தால் கும்பிடு, எதிரே நின்றால் மாடிப்படி. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எனக்கே இது புரிகிறதே!

தலைவர் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது கேட்டது ஒரு சின்னச் சத்தம். டக். கூடத்தில் வேறு யார் காதிலும் அது பட்டிருக்காது. எனக்குப் பட்டது. பல்செட்டின் மேல்தட்டு கொஞ்சம் தளர்ந்தால் என் வாயிலும் அதே சத்தம்தான் வரும். இவளைப் பார்த்தேன். இவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மாட்டிவிட்டுச் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவருடைய இரண்டாம் பல் ஒரு நூல் கோணியிருந்தது.

"உன் கையா?" என்றேன் அவள் காதில்.

என் மணிக்கட்டை ஒரு பிடி பிடித்தாள், வலித்தது. எனக்கோ நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஐயா, நீர் மூணு வேளையும் மெல்லுவது எதைக்கொண்டு என்று ஒரு வார்த்தை. கூடமே சிரித்திருக்கும். அவள் பிடி தளரவில்லை. ஆட்கள் இரண்டு பேர் வந்து படத்தைக் கழற்றினார்கள். அந்த இடத்துக்கு உள்ளேயிருந்து தலைவரின் குதிரை ஒன்று வந்தது. இந்தத் தடவை வலப்பக்கம் பார்த்த குதிரை.

"ஒரு சொல்லு சொல்லியிருந்தா உன் படம் அங்கேயே இருந்திருக்கும்" என்று படிக்கட்டில் நின்று நான் பொருமினேன்.

"எந்தச் சொல்லு மாமா?" என்றாள், முகத்தில் ஒரு ரேகை அசையாமல். கைகள் மட்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. ஆள் வாளிக்கு மேலே ஆணி அடித்துப் படத்தை மாட்டிவிட்டுப் போனதும் சீட்டை ஒரு தடவை படித்தாள். அக்ரிலிக் என்றே இருந்தது. "மறுபடி எண்ணெய்னு மட்டும் மாத்தியிருந்தாங்கன்னா கழட்டிக் கொண்டு போயிருப்பேன்" என்றாள்.

கூட்டம் நிறைந்தது. எங்களுக்குக் கதவோரத்தில் இரண்டு நாற்காலி கிடைத்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். எண்ணெயின் பெருமை, ஐந்நூறு வருஷத்து மரபு, தூய கலை என்று குரல் ஏறிக்கொண்டே போனது. 'நிலைத்து நிற்பது' என்ற இடத்தில் மேல்தட்டு இறங்கிவிட்டது. நிலைத்து என்பது நிலேஃபு என்று வந்தது. மறுபடி முயன்றார், காற்றுதான் வந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு அம்மாள் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. மைக்கிலிருந்து விலகவும் முடியாமல், பேசவும் முடியாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, மறைப்பானேன். நல்லா வேணும் என்று திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி.

சுவரோரமாகவே நடந்துபோய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அவருக்கு மட்டும் முகம் தெரிகிற இடத்தில் நின்றிருந்தாள். தன் கன்னங்களின் மேல் இரண்டு கையையும் வைத்து, தாடையை மூடி, பின்பல்லால் அழுத்திக் கடித்துக் காட்டினாள். தலைவர் அவளைப் பார்த்தார். யார் என்று இப்போதுதான் தெரிந்ததுபோல் பார்த்தார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், அவள் காட்டியபடி கடித்தார்.

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கவனித்தாள். திருப்தியில்லை. ஒரு விரலை உயர்த்தி, இன்னொரு தடவை என்று காட்டினாள்.