இரண்டாயிரத்து எண்பதில் நின்ற மீட்டர்

போன வாரம் பாகாயத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மிஷினுக்கு சர்வீஸ் செய்ய ஒருவர் வந்தார். ஃபில்டரை மாற்றிவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து அதில் முக்கினார். சின்னத் திரையில் எண் வந்தது. "அறுவத்தி நாலு சார். உப்பு ரொம்பக் கம்மி" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இதுக்குள்ள எந்த ஆப் ஆம்ப் சிப்பு போட்டிருக்காங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சமையலறையிலிருந்து என் மனைவி சுகந்தி, "ஆரம்பிச்சிட்டாரு" என்றாள்.

ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்கு அவசர வேலை இல்லையென்றால் கொஞ்சம் உட்காருங்கள்.

ஆப் ஆம்ப் என்றதும் எனக்கு ஈயம் வைக்கப் பூசும் சால்டரிங் பேஸ்ட் கருகும் வாசனை வரும். அதோடு சேர்ந்து இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனையும் வரும். காட்பாடி ரோட்டில் ஒரு இஸ்திரிக் கடைக்கு மேல் மாடியறையில்தான் நானும் ஜெபாவும் உப்பு அளக்கும் மீட்டர் செய்தோம். ஜெபா பாலிடெக்னிக்கில் என் பெஞ்சுத் தோஸ்த். சர்ச் பாடகர் குழுவில் அவன் குரல்தான் தூக்கலாகக் கேட்கும். சுகந்தியைப் பெண் பார்க்கப் போனபோது எனக்குப் பேச்சு வராமல் அவன்தான் எனக்காகப் பேசினான். மாப்பிள்ளை யார் என்று என் மாமியாருக்கே கடைசிவரை குழப்பம்.

மாமனார் வீடு ஆம்பூருக்கு வெளியே. அங்கே போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. கல்யாணமான புதிதில் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, மரியாதைக்காக மடமடவென்று குடித்து முடித்தேன். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்று இன்னொரு டம்ளர் ஊற்றினார்கள். இப்படித்தான் எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் அறிமுகம்.

மாமாவின் தென்னந்தோப்பு அதற்குள் பாதி பட்டுப் போயிருந்தது. கிணறும் வற்றிவிட்டது. மிச்சம் இருந்தது தோப்பை ஒட்டிய ஓடை. மேலே ஒரு தோல் தொழிற்சாலை கழிவைச் சுத்திகரித்து அதில் விடும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். ஓடையில் எவ்வளவு உப்பு என்று தெரிந்தால் புதுக் கன்று வைக்கலாம். தோல் கழுவிய தண்ணீரை யார் வாயில் வைத்துப் பார்ப்பது? அந்தச் சமயத்தில், வெளியே விடும் தண்ணீரில் உள்ள உப்பின் அளவை வாசல் கேட்டில் போர்டு போட்டுக் காட்ட வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைக்கு உத்தரவு வந்தது. ஜெபா போய்ப் பேசி அந்த வேலையைப் பிடித்து வந்தான். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நம்ம தண்ணிக்கு நீங்களே காவலு" என்றார். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது போல இருந்தது.

உப்புத் தண்ணீரில் நிற்கும் சென்சார் சில மில்லிவோல்ட் கொடுக்கும், முணுமுணுப்பு மாதிரி. அதை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.க்கு ஐந்து வோல்ட் வரை வேண்டும். நடுவில் நின்று முணுமுணுப்பை உரக்கச் சொல்வதுதான் ஆப் ஆம்ப், எட்டுக் கால் உள்ள ஒரு சிப். கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு கோடை முழுவதும் போயிற்று.

முதலில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண சிப்பைத்தான் போட்டோம். பக்கெட் தண்ணீரில் சென்சாரை இறக்கி, ஜெபா பாடிக்கொண்டே ஸ்பூன் ஸ்பூனாகச் சமையல் உப்பைப் போட்டான். எண் ஏறிக்கொண்டே வந்து இரண்டாயிரத்து எண்பதில் நின்றது. இன்னொரு ஸ்பூன் போட்டான். அசையவில்லை. "இன்னாடா இது, கொட்டக் கொட்ட அங்கயே நிக்குது?" என்றான். ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு எனக்குப் புரிந்தது. அந்தச் சிப்புக்கு ஐந்து வோல்ட் சப்ளை கொடுத்தாலும் வெளியே மூன்றரையைக்கூடத் தொடாது. குள்ளமானவன் பரண் மேல் கை நீட்டுகிற மாதிரி, அதற்கு எட்டுவது அவ்வளவுதான். ஐந்து வோல்ட்டுக்கு மூவாயிரம் என்று நாங்கள் அளவு வைத்திருந்ததால் மூன்றரைக்குச் சற்றே குறைந்த அந்த வோல்ட் இரண்டாயிரத்து எண்பதாக வந்து நின்றது. சட்டம் சொன்ன எல்லை லிட்டருக்கு இரண்டாயிரத்து நூறு மில்லிகிராம்.

"மொதலாளி பாத்தா முத்தம் குடுப்பாருடா!" என்று ஜெபா சிரித்தான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு சப்ளையின் உச்சிவரை தூக்குகிற, வெயிலில் தடுமாறாத வேறொரு சிப்பைத் தேடிப் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் போட்டு வறுத்துப் பார்த்தேன். அசரவில்லை. ஜெபா உப்பைப் போடப் போட எண் ஏறியது. அன்று ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டோம்.

கட்டுவது நான், மாட்டுவது ஜெபா. கேட்டில் சிவப்பு எண்கள் எரிய ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் போகும்போதும் வரும்போதும் வண்டியை மெதுவாக்கி, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைப் படித்துக்கொண்டு போனார்கள். எல்லைக்குக் கீழேதான் இருந்தது. மாமா தைரியமாகத் தென்னங்கன்றுகள் வாங்கினார். முதல் கன்றுக்குக் குழி வெட்டியவன் ஜெபா. சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வெட்டினான். அதற்காக மாமியார் அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தார்.

சில மாதம் கழித்து மாமா போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"மாப்ள, உங்க மிஷினு இன்னா மிஷினு! அன்னிக்கி வெச்சதுல இருந்து ரெண்டாயிரத்து எம்பதேதான். ஒரு நாளு கூட கூடல கொறையல!"

அன்றே தொழிற்சாலைக்குப் போனேன். வாட்ச்மேன் தெரிந்தவர், பெட்டியைத் திறக்க விட்டார். நான் வைத்த சிப் அங்கே இல்லை. அதே எட்டுக் கால், அதே வரிசையில் பழைய சாதாரண சிப் உட்கார்ந்திருந்தது. கால்களில் ஈயம் கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது. ஜெபா எப்போதும் அப்படித்தான் வைப்பான்.

மாடியறைக்குப் போய்க் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. அதுதான் இன்றும் எரிகிறது.

"ஏறற மீட்டர எவன்டா வாங்குவான்? இது ஏறாதுன்னு கேள்விப்பட்டு இன்னும் நாலு எடத்துல கூப்புட்றாங்க. நீ கண்டுபிடிச்சதுதான?"

"குழி வெட்றப்பவே மாத்திட்டியா?"

அவன் மேசை மேலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்தான். "ஆமாடா" என்றான்.

சிப்பை மாற்றியதைக்கூட ஒரு நாள் பொறுத்திருப்பேனோ என்னவோ. என் வீட்டு மனிதரின் மண்ணில், உப்பு ஏறப்போகிற குழி என்று தெரிந்தே வியர்க்க வியர்க்க வெட்டினானே, அதைப் பொறுக்க முடியவில்லை. துரோகி என்று கத்தினேன். கீழே இஸ்திரிக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். அதன் பிறகு ஜெபாவோடு நான் பேசவில்லை. நல்ல சிப்பை மாட்டப் போனபோது கேட்டில் போர்டே இல்லை, ஆணி மட்டும் இருந்தது. புகார் எழுதினேன். பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நுனி கருகிய கன்றுகளைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப இத்தினி நாளா இதுங்களுக்கு நா ஊத்துனது இன்னா மாப்ள?"

அவர் ஓடைத் தண்ணீர் இறைத்த மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். மறுபடி எடுக்கவே இல்லை.

இன்று அந்த மாடியறையில் செல்போன் கவர் விற்கிறார்கள். தோப்பு மனைக்கல் நட்ட இடமாகிவிட்டது. மாமா இல்லை. ஜெபாவின் பாட்டு கேட்கும் என்று அந்தச் சர்ச் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன்.

சர்வீஸ்காரர் பேனாவைத் துடைக்கப் போனார். "ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். "சுகந்தி, கொஞ்சம் உப்பு குடு."

உப்பு டப்பாவை நீட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேனாவை வாங்கி டம்ளரில் முக்கி, ஒரு சிட்டிகை போட்டேன். இன்னும் ஒரு சிட்டிகை. சர்வீஸ்காரர், "சார், நல்ல தண்ணிய இன்னாத்துக்கு சார் பாழாக்குறீங்க?" என்றார்.

சுகந்தி திரும்பாமலே கேட்டாள். "ஏறுதாங்க?"

"ஏறுது" என்றேன்.