ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவள்

புதிதாக எந்த க்ரீம் வந்தாலும் சித்தி முதலில் தன் முழங்கையின் உட்புறம் பட்டாணி அளவு தடவிக்கொள்வாள். பொழுது சாயும்வரை கழுவமாட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்தக் கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்திருப்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். யாரோ எனக்குப் பரிசாகக் கொடுத்த சோப்பும் அவள் கைக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தது. "விட்டா இவ சாம்பாரையும் கையில தடவிப் பாப்பா" என்று அப்பா கேலி செய்வார்.

சித்தி கடைத்தெரு மாடியில் அழகு நிலையம் வைத்திருந்தாள். தெருவே அவளை க்ரீம் அக்கா என்றுதான் கூப்பிட்டது. மூன்று நாற்காலிகள், எதிரே மூன்று கண்ணாடிகள். ஜன்னலோர நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடமாட்டாள். அதன் கண்ணாடிமேல் எப்போதும் ஒரு துண்டு தொங்கும்.

"அங்க என்னக்கா, பேய் உக்காந்திருக்கா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"ஆமா, உனக்கு முன்னாடியே வந்துட்டா. நீ இப்படி வா."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் காற்றில் துண்டு விலகினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் துழாவி அதை இழுத்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். படித்தது வேதியியல் என்பதால் டப்பாக்களின் பின்னாலிருக்கும் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. கிளிசரின் தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நியாசினமைடு எண்ணெய் வழிவதைக் குறைக்கும், கரும்புள்ளிகளை மெல்ல மங்கவைக்கும். சாலிசிலிக் அமிலம் துவாரங்களின் அடைப்பை எடுக்கும். ரெட்டினால் சுருக்கத்துக்கு நல்லது, கர்ப்பிணிகள் மட்டும் தொடக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தி கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"இதுல அது இருக்கா?"

"எது சித்தி?"

பல தடவை மழுப்பினாள். வாடிக்கையாளர் யாரும் வராத ஒரு மத்தியானம்தான் சொன்னாள்.

தொழில் தொடங்கிய புதிதில் அவள் கழுத்தில் ஒரு அரிப்பு வந்திருந்தது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு அதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. அந்த இடம் பளிச்சென்றும் ஆனது. கெட்ட தோலையே இப்படி மாற்றுகிறதென்றால் நல்ல தோலை என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கோல்ட் க்ரீம் டப்பா ஒன்றில் அந்தக் களிம்பைப் பிதுக்கிக் கலந்தாள். அதில் ஸ்டீராய்டு இருப்பதோ, அதை முகத்தில் நெடுநாள் பூசினால் என்ன ஆகும் என்பதோ அவளுக்குத் தெரியாது.

அதை வாங்கிப் பூசியவள் தபால்காரர் மகள், கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். ஜன்னலோர நாற்காலிதான் அவளுக்குப் பிடிக்கும். சில நாளிலேயே முகம் மின்னியது. போகப்போகத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் ஓடின. நிறுத்தினால் எரிந்தது, பரு கிளம்பியது. அதனால் மறுபடி அதே டப்பாவுக்கே வந்தாள். ஒருநாள் அவள் அழுதபோது, பயத்தில் சித்தி சொல்லிவிட்டாள்: "க்ரீம்ல ஒண்ணும் இல்லம்மா. உன் ரத்தமே அப்படி."

நிச்சயம் முறிந்தது. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் ஒரு தோல் மருத்துவர் சொல்லிச் சித்திக்கு விஷயம் புரிந்தது.

"டப்பாவைக் கொட்டிட்டேன். சொன்னதை எப்படிடி அள்றது? அவ கண்ணுல பட்டா ஒண்ணே ஒண்ணு சொல்லணும். உன் ரத்தத்துல ஒண்ணுமில்ல, என் டப்பாலதான் இருந்துச்சுன்னு."

"கையில தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது. அது மொதல்ல நல்லாத்தான் இருக்கும்."

பின் எதற்குத் தடவுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் அந்தத் தபால்காரர் மகளே வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். கூடவே பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பெண். முடி வெட்ட வந்திருந்தார்கள். தாய்க்காரி தலையையும் கன்னத்தையும் சேர்த்துத் துணி சுற்றியிருந்தாள். நேராகப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து துண்டை விலக்கினாள்.

"என்னைத் தெரியுதாக்கா?"

சித்தியின் கையிலிருந்த சீப்பு விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

"இவளுக்கும் என் ரத்தம்தானே, அதான் பயம். முகத்துல பவுடர்கூட போட விடறதில்ல. வெளிய விளையாட விடறதில்ல."

"எல்லாரும் விளையாடுறாங்க, நான் மட்டும் ஜன்னல்ல நிக்கணும்" என்றது அந்தப் பெண்.

"வாயை மூடுடி. அக்கா, அன்னைக்கு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. நீங்க ஒருத்திதான் கூட நின்னீங்க. நான் மறக்கல."

சித்தியின் உதடு திறந்தது. சித்தி திரும்பி அலமாரியிலிருந்து ஒரு சன்ஸ்கிரீன் ட்யூபை எடுத்துச் சிறுமியின் கையில் வைத்தாள்.

"வெயில்ல போறப்ப பூசிக்க, கண்ணு. இது துத்தநாகம் கலந்தது, எரியாது. போய் விளையாடு."

அவ்வளவுதான் வந்தது. அவர்கள் படியிறங்கியதும் நான் சண்டை போட்டேன். "அடுத்த வாட்டி வரட்டும்டி" என்றாள். அந்த நாற்காலியைத் தவிர வேறெங்கும் அவள் கண் போகவில்லை.

அடுத்த முறைக்குள் சித்தியின் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களில் அதிகம் அழுதது தபால்காரர் மகள்தான். அவளை ஓரமாக அழைத்துப்போய், நல்ல தோல் மருத்துவர் ஒருவரைத் தெரியும் என்றேன். அந்தக் காலத்தில் பூசிய க்ரீமால் வந்திருக்கலாம் என்றேன். 'சித்தி கலந்த க்ரீம்' என்று சொல்ல, அந்த வீட்டில், அந்த நேரத்தில், என் நாக்கு எழவில்லை.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ படிச்ச பொண்ணு, நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா ரத்தத்துக்கு டாக்டர் என்னம்மா பண்ணுவாரு? உங்க சித்தியே பாத்துச் சொன்னதாச்சே. அவங்க எனக்குப் பொய் சொல்வாங்களா?"

துணியை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டு, மகளைப் பந்தலின் நிழலோடு நிழலாக நடத்திக் கூட்டிப்போனாள்.