கியோட்டோவில் மூன்று சுற்று

சுற்றுலா வழிகாட்டிக்கு ஊரைக் காட்டுவது சுலபம். ஊர் பார்க்க வந்தவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கல்யாணத்துக்கு வேன் பிடித்து உறவினரை ஏற்றிப்போன யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து ஊர்க்காரன்

எழுபதுகளின் கடைசி. ஜெர்மனியில், கொலோன் நகரத்துப் பயண நிறுவனம் ஒன்றில் ரயில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜப்பானுக்குக் குழுவை அழைத்துப்போக இருந்தவர் காலை உடைத்துக்கொண்டார். நான் போகிறேன் என்றேன். மதுரைக்காரனுக்குக் கோவில் காட்டத் தெரியாதா என்ன? ஒரு புகார் வந்தாலும் மறுபடி கவுண்டர்தான் என்றார் முதலாளி. அந்தக் கண்ணாடிக் கூண்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். பக்கத்துக் கவுண்டரில் இருந்த யாழ்ப்பாணத்துக் குணம் அண்ணைதான் தைரியம் சொன்னார்: "நீர் யோசியாமல் போட்டு வாரும். முதலாளிக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஜப்பானுக்குப் பக்கத்து ஊர்தான்."

தோட்டம்

குழுவில் க்ரேமர் என்று ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர். பயண அட்டவணையில் 'தோட்டங்கள்' என்று இருந்ததை நம்பி மலையேறும் பூட்ஸில் வந்திருந்தார். ஒவ்வொரு கோவில் வாசலிலும் அவர் லேஸை அவிழ்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் பார்த்துவிட்டே திரும்பிவிடுவார்கள்.

பேர்போன கல் தோட்டத்துக்குப் போனோம். செடி இல்லை, பூ இல்லை. வெள்ளைச் சரளையில் சீப்பால் வாரிய மாதிரி கோடுகள், நடுவே சில பாறைகள். உள்ளே காலை வைக்கக் கூடாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு மனம் அப்படியே அடங்கிவிட்டது. க்ரேமரும் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கள் ஊரில் இதற்குக் கட்டட வேலை இன்னும் முடியவில்லை என்று பெயர்."

சுற்று

மறுநாள் ஒரு பழைய மரக்கோவில். கும்பிட்டேனோ இல்லையோ, கால் தன்பாட்டுக்குப் பிரகாரம் சுற்றக் கிளம்பிவிட்டது. இங்கே அந்த வழக்கம் கிடையாது என்று உறைத்தபோது இரண்டாவது சுற்றில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் ஜெர்மானியர்கள் அத்தனை பேரும் வரிசை குலையாமல் பின்னால் வருகிறார்கள். பாதியில் நின்றால் மானமும் போகும், வேலையும் போகும். மூன்றாவதையும் கம்பீரமாக முடித்தேன். படி பெருக்கிக்கொண்டிருந்த பிக்கு துடைப்பத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். வியர்வையைத் துடைத்தபடி க்ரேமர் சொன்னார்: "நம்மை நடக்கவிட்ட முதல் கோவில் இதுதான்."

படக்காட்சி

பயணம் போய்வந்தவர்கள் படங்களைத் திரையில் காட்டி ஊராரை உட்காரவைப்பது ஜெர்மானிய வழக்கம். கல்யாண ஆல்பத்தைக் கையில் திணிக்கும் நாம் அதைக் குறை சொல்ல முடியாது. க்ரேமர் முதலாளியையும் என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். நாங்கள் கோவிலைச் சுற்றும் படம் வந்தது. "ஜப்பானிய முறைப்படி மூன்று சுற்று," என்றார் பெருமையாக. முதலாளி அங்கே வந்திருந்த பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணியிடம், அப்படியா என்று கேட்டார். அப்படி யாரும் சுற்றி நான் பார்த்ததில்லையே என்றார் அவர், தயங்கித் தயங்கி. முதலாளி மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டேன்.

க்ரேமர் அடுத்த படத்தைத் தள்ளிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி முதலாளியிடம் சொன்னார்: "பாவம், அந்த அம்மா ஊருக்குப் போய் ரொம்ப நாளாகியிருக்கும்."

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஜப்பானுக்குக் குழு அழைத்துப்போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வழிகாட்டிக்கு வழி தெரிந்திருந்தால் நல்லதுதான், தெரியாவிட்டால் நிற்காமல் நடந்தால் போதும்.