சாக்கு போர்த்திய மெஷின்

2005 மே, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் மூன்று தடவை மணி பார்த்துவிட்டேன். உப்பு அரவை மில்லில் எவ்வளவு தூள் பறக்கிறது என்று அளக்கும் பல்கலைக்கழக மெஷினை நேற்றுக் காலை அங்கே ஓடவிட்டு, வகுப்பெடுக்கத் திரும்பிவிட்டேன். நாளை அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். கரண்டு போயிருந்தால் என் ஆராய்ச்சி அம்போ.

கூனிமேட்டில் டிரைவர் இறங்கி ஆற அமர டீ குடித்தார். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே" என்றேன்.

"உப்பு எங்கயும் ஓடிடாதும்மா" என்றார்.

ஏழு மணிக்கு, உப்புப் பாத்திகளுக்கு நடுவே நடந்து மில்லுக்குள் நுழைந்தால், மெஷின் மேல் ஈரச் சாக்கு! அய்யோ என்று கத்தியேவிட்டேன். அரைத்த உப்பு கொட்டும் அரவை வாயில் மூட்டை பிடிக்கும் அஞ்சலை அக்கா ஓடிவந்தார்.

"நான்தாம்மா போத்தினேன். நேத்து நீ கெளம்பின உடனே நனைச்சுப் போட்டுட்டேன், காயக் காய மறுபடி நனைச்சேன். மோட்டாரு, சைக்கிளு எல்லாத்துக்கும் போடுவோம். உப்பு ஏறினா துரு புடிச்சிடும்ல?"

உள்ளேயிருந்த வடிகட்டித் தாளை வெயிலில் பிடித்தேன். உப்பு இருந்தால் மின்னும். ஒரு மினுக்குகூட இல்லை. நாள் முழுக்கச் சாக்கு வடிகட்டிய காற்றை அளந்திருக்கிறேன்! அழுகை முட்டியது. நம் பொருளைக் காப்பாற்றியவரை எப்படித் திட்டுவது?

மிச்சம் ஒரே தாள். அதைப் போட்டு, எட்டிலிருந்து நாலு மணிவரை பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன். கண் எரிந்தது, தொண்டை காய்ந்தது. அக்கா மூட்டைக்கு மூட்டை இருமினார். நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு எடுத்தால், தாள் முழுக்க உப்பு மின்னியது. அப்பாடா! சந்தோஷத்தில் இரண்டு தாளையும் அக்காவிடம் காட்டினேன்.

"இம்மாந் தூளா? நேத்து இதெல்லாம் சாக்குலயே நின்னுடுச்சா?"

"ஆமாங்க்கா."

இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினோரு வருஷமா இங்க மூட்டை புடிக்கிறேன். மோட்டாருக்குப் போத்தினோம்..." என்றவரை இருமல் நிறுத்தியது.

ஐந்தேகால் பஸ், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். மெஷின் மடியில். முதல் தாளைத் தூக்கிப் போடு என்பார் என் பேராசிரியர். போட மாட்டேன்; ஈரச் சாக்கு தூளை நிறுத்தும் என்பதற்கு அதுதான் சாட்சி. மெஷினை இன்னொரு தடவை கேட்டு வாங்கி, அரவை வாயில் ஈரச் சாக்கைக் கட்டி மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

கீழ்புத்துப்பட்டு வரும்போது எனக்கும் இருமல் வந்தது. ஒரே நாள்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளும் மெஷினைப் பற்றியே கவலைப்பட்டேன். அக்காவிடம் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.