சொதிக்கு ஐந்து சட்டி

முத்துராணியிடம் சட்டி வாங்கினால் அன்றைக்கே அடுப்பில் ஏற்றலாம். கேட்க இது சாதாரணமாகத் தெரியும். மண்சட்டி வாங்கிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். வாங்கி வந்ததை இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும், எண்ணெய் தடவிக் காயவைக்க வேண்டும், மறுபடியும் கஞ்சி காய்ச்ச வேண்டும். இதற்குப் பெயர் சட்டி பழக்குவது. இந்தக் காலத்தில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? வாங்கின கையோடு பெரிய தீயில் வைத்துவிட்டு, விரிசல் விட்டதும் சட்டி செய்தவளைத் திட்டுகிற புண்ணியவான்கள்தான் அதிகம். ஆறு வருடம் அந்தத் திட்டை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு முத்துராணிக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. "நானே பழக்கிக் குடுத்துட்டா இவிய என்ன சொல்லி ஏசுவாவ?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினாள்.

காருகுறிச்சியில் அவள் வீட்டுக்குள் போனால் உட்கார இடம் தேட வேண்டும். முன்னறையில் மோட்டார் வைத்த சக்கரம். அதை ஒட்டி ஈரச் சாக்குப் போட்டு மூடிய களிமண். பின்னால் இரண்டு அடுப்பு. நடுவில் இருக்கிற ஒரே அறையில் மூன்று பேர் குடித்தனம்: முத்துராணி, லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் மாரிசெல்வம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் கோமதி. சுவரோரம் இரண்டு வரிசையாகச் சட்டிகள். இடது பக்கம் சைவம், வலது பக்கம் மீனும் கறியும். வீட்டுக்குச் சமைப்பதெல்லாம் விற்பனைக்குப் போகிற சட்டியில்தான். இன்றைக்கு இவர்கள் ரசம் வைத்துச் சாப்பிட்ட சட்டி அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் யார் வீட்டிலோ இருக்கும். சட்டி பழக்கத் தனி விறகு, தனி நேரம் என்று கிடையாது. சோறு ஆகிற நேரத்திலேயே சட்டியும் ஆகிவிடும். பெரிய படிப்புப் படித்தவர்கள் யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால் மேடை போட்டுப் பேசியிருப்பார்கள்.

சக்கரத்தில் கை இருக்கும்போதே வாய் கோமதியிடம் அறிவியல் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும். விடை முத்துராணிக்குத் தெரியாது. பிள்ளை தடுமாறுகிறாளா என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். "இப்ப முழுங்கினயே, அதைத் திருப்பிச் சொல்லு" என்பாள். போன் வந்தால் கோமதிதான் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் காதருகே பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் நகக்கண்ணில் களிமண்ணோடு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். "கழுவத்தான் செஞ்சேன் டீச்சர், போக மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, கணக்கில் ஏன் மார்க்கு குறைந்தது என்று கேட்பாள். ஒரு ஆள் இரண்டு ஆள் வேலை பார்ப்பதை ஊரில் பலரும் பார்த்திருக்கிறார்கள். முகம் சுளிக்காமல் பார்ப்பது முத்துராணி ஒருத்திதான்.

அவளிடம் ஒரு குறையும் உண்டு, அதை மறைப்பானேன். யாராவது ஆசைப்பட்டு ஒரு சட்டியைக் கையில் எடுத்துவிட்டால் இல்லை என்று சொல்ல வராது. மீன்குழம்புக்கு மட்டும் விற்காமல் வீட்டுக்கென்று ஒரு சட்டி வைத்திருந்தாள். எட்டு வருடம் பழகி, உள்ளே கருகருவென்று மின்னும். போன தீபாவளிச் சமயம் மேலப்பாளையத்திலிருந்து வந்த ஜுபைதா பீவி அதைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, "புதுசெல்லாம் வேண்டாம், எனக்கு இதுதான் வேணும்" என்று மடியில் வைத்துக்கொண்டார். முத்துராணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வந்த மாரிசெல்வம் சட்டி இருந்த இடத்தைப் பார்த்தான். "அதையும் குடுத்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

தை மாதம் திருநெல்வேலி டவுணிலிருந்து வடிவம்மாள் வந்தார். சைவ வீடு. கணவர் சங்கரசுப்பிரமணியன் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் சொதிச் சாப்பாடு போடுவது அவர்கள் வழக்கம். பாத்திரக் கடையில் எத்தனையோ பாத்திரம் இருக்க, சொதி மண்சட்டியில்தான் கொதிக்க வேண்டும் என்று வடிவம்மாளுக்கு ஆசை. வாய் அகலமான பெரிய சட்டி ஐந்து, பழக்கிக் கொடுக்க வேண்டும்.

"சம்பந்தி வீட்டுக்கு முதல் சாப்பாடு முத்துராணி. எம்மானம் உன் கையில இருக்கு" என்றார்.

சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காய் வேகிற குழம்பு. அந்தப் பாலைப் போல வாடையை இழுக்கிற பொருள் வேறு கிடையாது. சட்டியில் துளி மீன்வாடை இருந்தாலும் சம்பந்திகள் நடுவில் பெண்வீட்டுக்காரி தலைகுனிய வேண்டியதுதான். முத்துராணி இதை நன்றாக அறிந்தவள். அந்த வேலை முடிகிறவரை வீட்டில் மீன் கிடையாது, முட்டை கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டாள். மூன்று வாரம் அந்த வீட்டில் பருப்பும் துவையலும் ஓடின. கோமதி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மாரிசெல்வம் போட்டதைச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை பொதுச்சூளையில் முத்துராணியின் முறை வந்தது. சூளை முறையைத் தவறவிட்டால் மறுபடி கிடைக்கப் பத்து நாள் ஆகும். ஐந்து சட்டியும் பழகி முடிந்து சைவ வரிசையில் தயாராக இருக்கிற தைரியத்தில் விடியுமுன் கிளம்பிப் போய்விட்டாள். மாரிசெல்வத்தின் ஆட்டோ அன்றைக்குப் பட்டறையில் கிடந்தது. பரீட்சை எழுதிவிட்டு மதியமே வந்த கோமதி, தெருவில் டிவிஎஸ்ஸில் மீன் விற்கிற அப்பாத்துரையின் குரலைக் கேட்டு, "அப்பா, சாளை" என்றாள். ஒரே வார்த்தை. மாரிசெல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மீன் வாங்கியாகிவிட்டது. அலுமினியச் சட்டியைக் கையில் எடுத்தான். மண்சட்டி செய்கிறவள் வீட்டில் அலுமினியத்தில் சாளைக்குழம்பு வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. மீன் வரிசையைப் பார்த்தால் ஒரு சட்டி இல்லை; இருந்ததெல்லாம் விற்றுப்போய்விட்டது, புதியது இப்போதுதான் சூளையில் வேகிறது. சைவ வரிசையில் ஒன்றை எடுத்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டால் போகிறது என்று நினைத்தான். பாவம், சட்டிக்காரி புருஷனாக இருந்தும் அந்தப் புத்தி. அப்பாவும் மகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பிறகு சாம்பலும் புளியும் போட்டு மூன்று தடவை தேய்த்து, வெயிலில் காயவைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டான்.

பொழுது சாய வீட்டுக்கு வந்த முத்துராணியின் மூக்கு முழுக்கச் சூளைப்புகை. வைக்கோலும் தேங்காய்க் கதம்பையும் எரிந்த புகை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசலில் கிடந்த செதிலைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மீன் வச்சியளா? எதுல வச்சிய?"

"சட்டியிலதான். கழுவி வச்சுட்டேன்."

"எந்தச் சட்டிங்க?"

அவன் இடது பக்கச் சுவரைக் காட்டினான். அங்கே இருந்தது ஐந்தே ஐந்து. "அதுல ஒண்ணு. எதுன்னு தெரியல. அஞ்சையும் அச்சுல வார்த்த மாதிரி செஞ்சு வச்சிருக்கே, நான் என்ன செய்ய?"

முத்துராணி அந்த ஐந்து சட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? தேங்காப்பால் ஊத்துத சட்டி அது. நாளைக்குக் குடுக்கணும். அந்தம்மா என்னை நம்பிப் போயிருக்காவ."

மாரிசெல்வமும் விடவில்லை. "ஊருக்கெல்லாம் சட்டி செய்யுதே. எம்பிள்ளைக்கு ஒரு மீன்குழம்பு வைக்க இந்த வீட்டில ஒரு சட்டி உண்டா? சொல்லு."

அது அவளுக்குச் சுட்டது, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை.

எழுந்து அடுப்பை மூட்டினாள். வாடை பிடித்த சட்டியைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. வெறும் சட்டியை மூடிபோட்டு இளம்சூட்டில் வைத்துத் திறந்தால், உள்ளே இறங்கியது மேலே வரும். ஒவ்வொன்றாக வைத்துத் திறந்தாள். அவள் மூக்குக்குப் புகையைத் தவிர ஒன்றும் எட்டவில்லை. கோமதியைக் கூப்பிட்டாள். இப்போதுதான் சாளை சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்திலும் மீன் மணத்தது. மாரிசெல்வத்துக்கு ஒன்றிலுமே மணக்கவில்லை.

"ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு சொல்லி நாலைக் குடுத்துருவோம்" என்றான் அவன், குரல் இறங்கி. "மண்சட்டி உடையாதா? யாரு கேக்கப் போறா?"

"எந்த நாலைக் குடுக்க?"

அவன் ஐந்து சட்டியையும் மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மீனே தொடாத மூக்கு வேணும்" என்றாள் முத்துராணி. அவளுக்குத் தெரிந்து அப்படி ஒரு மூக்கு டவுணில் வடிவம்மாளுக்குத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த வேலை மட்டுமா போகும்? டவுணில் அவளிடம் வாங்குகிற வீடெல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். ஒரு வாரத்தில் பேர் நாறிப்போகும். வருடக்கணக்கில் பழக்கிக் கொடுத்துக் கட்டின பேர். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை பட்டறையிலிருந்து வந்த ஆட்டோவில் ஐந்து சட்டியையும் வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சேரன்மகாதேவி, பேட்டை எல்லாம் தாண்டி டவுணுக்கு வந்து சேர்ந்தார்கள். கல்யாண வீட்டில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். பின்பக்கமாகச் சமையலறைக்குப் போய், வடிவம்மாளைத் தனியாக அழைத்து, முத்துராணி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சங்கரசுப்பிரமணியன், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, எவர்சில்வரிலேயே வச்சுக்கிடலாம்" என்றார்.

வடிவம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. "யாரு மீன் வச்சது?"

"எங்க வீட்டில வச்சது" என்றாள் முத்துராணி.

"நான்தாம்மா வச்சேன்." கதவோரம் நின்ற மாரிசெல்வம் உள்ளே வந்தான். பொருளை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதுதான் அவன் வழக்கம். "அவ சூளைக்குப் போயிருந்தா. மத்த நாலும் சுத்தம். அவ எப்படிப் பழக்கினான்னு சொல்லுதேன், கேளுங்க. ரெண்டு நாள் அரிசி களைஞ்ச தண்ணியில முக்கிப் போட்டா. மூணாம் நாள் கஞ்சி. கொதிச்சதும் இறக்க மாட்டா, தீயை அமத்திட்டு அப்படியே பைய ஆற விடுவா, அப்பதான் மண்ணுக்குள்ள இறங்குமாம். அப்புறம் நல்லெண்ணெய், உள்பக்கம் மட்டும். பிள்ளை வெளிய தடவிட்டான்னு ஏசினா. அதுக்கப்புறம் பருப்பு வேக வச்சா. கடைசியாத் தேங்காய்த் துருவலை வறுத்தா. சொதிச் சட்டிக்குத் தேங்கா பழகணும்னு அவளா யோசிச்சுச் செஞ்சது. இதை மூணு தடவை திருப்பித் திருப்பிச் செஞ்சா. மூணு வாரமாப் பருப்பு தின்னு எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. தப்பு என்னுது."

முத்துராணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்து வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், போனைப் பார்த்துக்கொண்டு படுப்பான். தான் செய்வது எதுவும் இந்த மனுஷன் கண்ணில் படுவதில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். நல்லெண்ணெய் உள்பக்கம் மட்டும் என்பது வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறான்.

வடிவம்மாள் கேஸ் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டார். முதல் சட்டி சூடானதும் மூடியைத் திறந்து குனிந்தார். "அரிசி வாசம்" என்றார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். மாரிசெல்வம் அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். நான்காவதிலும் ஐந்தாவதிலும் தேங்காய் மணத்தது.

"நாலு போதும்" என்றார் வடிவம்மாள். "ஒண்ணுல இஞ்சிப் பச்சடி வைக்கலாம்னு இருந்தேன், அதை வேற எதுலயாவது வச்சுக்கிடுதேன். ஏ முத்துராணி, ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே."

"சொல்லியிருக்கலாம்மா. எது உடைஞ்சதுன்னு எனக்கே தெரியலையே."

வடிவம்மாள் சிரித்துவிட்டார். கூடத்தில் சங்கரசுப்பிரமணியன் செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மாலை போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மூன்று தடவை சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, தங்கை வீட்டுக்கு ஆறு சட்டி வேண்டும் என்றார் வடிவம்மாள். "மாசி பாதிக்கு மேலதாம்மா தர முடியும்" என்றாள் முத்துராணி. "ஞாயித்துக்கிழமை இனிமே எங்க அடுப்புல சட்டி பழக்கதில்ல." கோமதி போனைக் காதருகே பிடித்தபடி அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மறுநாள் அந்த மூன்றாவது சட்டி மீன்குழம்புக்கு அடுப்பேறியது; இனி அது வீட்டுச் சட்டி. மாரிசெல்வம் இருவரையும் அடுப்புப் பக்கமே விடவில்லை. மசாலும் அவனே அரைத்தான், புளியும் அவனே கரைத்தான். முத்துராணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினான். அவள் குனிந்து சாப்பிட்டாள், நிமிரவில்லை. பாதிச் சோறு போன பிறகு கோமதி கேட்டாள்.

"அம்மா, சட்டி எப்படிப் பழகியிருக்கு?"

முத்துராணி விரலை வழித்துக்கொண்டாள். "சட்டியைப் பாக்கலட்டி" என்றாள். "குழம்பு நல்லாருக்கு. உங்கப்பாவை இன்னும் ஒரு கரண்டி ஊத்தச் சொல்லு."